பன்னிரண்டு வோல்ட்டில் ஏன் ஷாக் அடிப்பதில்லை?

கார் பேட்டரியைக் கழற்றி மாட்டும் மெக்கானிக்கை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் எழுந்திருக்கும். பேட்டரியின் இரண்டு முனைகளையும் அவர் வெறுங்கையால் பிடிக்கிறார், துடைக்கிறார், திருகுகிறார். அவருக்கு ஒன்றும் ஆவதில்லை. சாவியைத் திருப்பியதும் அதே பேட்டரிதான் 150, 200 ஆம்பியர் கொடுத்து என்ஜினைச் சுழற்றுகிறது. வீட்டுச் சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டில் எழுதியிருப்பதோ வெறும் 6 ஆம்பியர். அதில் விரல் பட்டால் உயிருக்கே ஆபத்து.

அப்படியானால் ஆபத்து வோல்ட்டில்தான் இருக்கிறது, 12 குறைவு, 230 அதிகம் என்று முடித்துவிடலாமா? அதுவும் சரிப்படவில்லை. வறண்ட காற்றடிக்கும் நாளில் நைலான் சட்டையைக் கழற்றும்போது சடசடவென்று பொறி பறக்குமே, அந்தப் பொறியில் சில ஆயிரம் வோல்ட் உண்டு. அது நம்மைச் சுருக்கென்று குத்துவதோடு சரி.

வோல்ட்டும் ஆம்பியரும் ஒரே பொருளின் பெரிய அளவும் சிறிய அளவும் அல்ல. அவை இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள். கேள்விகளைப் பிரித்துவிட்டால் பேட்டரியும் பிளக்கும் நைலான் சட்டையும் ஒரே கணக்குக்குள் வந்துவிடும்.

ஓர் இடத்தில் நின்று எண்ணுவது

முதலில் ஆம்பியர். ஒரு கம்பியில் ஏதாவது ஓர் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தை ஒரு நொடியில் எவ்வளவு மின்னூட்டம் கடக்கிறது என்பதுதான் ஆம்பியர் சொல்லும் செய்தி. கம்பிக்குள் நகர்பவை எலக்ட்ரான்கள். குறித்த இடத்தை நொடிக்கு ஏறத்தாழ 62,400 கோடி கோடி எலக்ட்ரான்கள் கடந்தால் அது ஓர் ஆம்பியர். இப்படி ஓடும் ஓட்டத்துக்கு மின்னோட்டம் என்று பெயர். ஓர் ஆம்பியர் ஒரு நொடி ஓடினால் கடந்துபோகும் மின்னூட்டத்தின் அளவை ஒரு கூலும் என்கிறோம்.

எண்ணிக்கையைப் பார்த்தால் எலக்ட்ரான்கள் மின்னல் வேகத்தில் பறப்பதாகத் தோன்றும். உண்மை நேர்மாறானது. ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்புள்ள செம்புக் கம்பியில் ஓர் ஆம்பியர் நேர்மின்னோட்டம் ஓடும்போது எலக்ட்ரான்கள் சராசரியாக நகரும் வேகம் நொடிக்கு 0.07 மில்லிமீட்டர்தான். ஒரு மணி நேரத்தில் ஒரு முழம்கூட நகராது. கூட்டம் அவ்வளவு நெருக்கமாக இருப்பதால்தான் இந்த ஊர்வலத்திலும் எண்ணிக்கை கோடி கோடியாக வருகிறது. சுவிட்ச் போட்டதும் விளக்கு எரிவதற்குக் காரணம், சுவிட்சிலிருந்து எலக்ட்ரான் ஓடிவந்து சேர்வதல்ல. கம்பி முழுக்க ஏற்கெனவே நிறைந்திருக்கும் எலக்ட்ரான்களுக்கு நகரச் சொல்லும் தூண்டுதல் ஒளியின் வேகத்தை ஒட்டிய வேகத்தில் பரவிவிடுகிறது.

இரண்டு இடங்களுக்கு நடுவே

வோல்ட்டுக்கு ஓர் இடம் போதாது, இரண்டு இடங்கள் வேண்டும். 'இந்தக் கம்பியில் 230 வோல்ட் இருக்கிறது' என்று நாம் சொல்வது பாதி வாக்கியம்தான். இந்தக் கம்பிக்கும் தரைக்கும் நடுவே, அல்லது இந்தக் கம்பிக்கும் அந்தக் கம்பிக்கும் நடுவே 230 வோல்ட் என்பதே முழு வாக்கியம். ஒரு கூலும் மின்னூட்டம் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போகும்போது எவ்வளவு ஆற்றலைக் கொடுத்துவிட்டுப் போகிறது என்பதை வோல்ட் சொல்கிறது. ஆற்றலின் அலகு ஜூல். நூறு கிராம் எடையை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்க ஏறத்தாழ ஒரு ஜூல் ஆகும். 12 வோல்ட் என்றால் ஒவ்வொரு கூலும் மின்னூட்டமும் 12 ஜூல் கொடுக்கும். 230 வோல்ட் என்றால் 230 ஜூல். பாடப்புத்தகங்கள் இதை மின்னழுத்த வேறுபாடு என்கின்றன. 'வேறுபாடு' என்ற சொல்லை யாரும் விழுங்கிவிடக் கூடாது. அளவின் உயிரே அதில்தான் இருக்கிறது.

மின்கம்பியில் உட்காரும் காகம் ஏன் சாவதில்லை என்பதற்கும் இங்கேதான் பதில். அதன் இரண்டு கால்களும் ஒரே கம்பியில், சில அங்குல இடைவெளியில் இருக்கின்றன. தரையோடு ஒப்பிட்டால் கம்பியில் 11,000 வோல்ட் இருக்கலாம். காகத்தின் ஒரு காலுக்கும் மறு காலுக்கும் நடுவே ஒன்றுமே இல்லை எனலாம். அதே கம்பியில் சிறகு அகன்ற பழவௌவாலோ மயிலோ மாட்டி, உடம்பு ஒரே நேரத்தில் இரண்டு கம்பிகளைத் தொட்டுவிட்டால் அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டு அலகுகளும் சேர்ந்து வேலை செய்வதைப் பார்க்க நம் மாநிலத்தின் இரண்டு நீர்மின் நிலையங்களை எடுத்துக்கொள்ளலாம். பைக்காராவில் நீலகிரியின் மேல்தட்டிலிருந்து சிங்காரா வரை 900 மீட்டருக்கும் அதிகமான உயரத்திலிருந்து தண்ணீர் குழாயில் இறங்குகிறது. மேட்டூர் அணை நிரம்பி நின்றாலும் நீர்மட்டம் 120 அடிதான். ஆனால் அங்கே பாய்வது காவிரி. உயரம் மிகுந்து நீர் குறைந்த பைக்காரா மின்நிலையமும், உயரம் குறைந்து நீர் மிகுந்த மேட்டூர் அணை மின்நிலையமும் ஏறத்தாழ ஒரே திறன் கொண்டவை, 50, 60 மெகாவாட் அளவில். உயரத்தின் இடத்தில் வோல்ட்டையும் நீர்ப்பாய்ச்சலின் இடத்தில் ஆம்பியரையும் வையுங்கள். இரண்டையும் பெருக்கினால் வாட். மின்சாரம் செய்யும் வேலையின் வேகத்தை நிர்ணயிப்பது அந்தப் பெருக்கல்தான்.

ஒரே பேட்டரி, நான்கு பொருள்கள்

இப்போது மெக்கானிக்கின் பேட்டரிக்குத் திரும்புவோம். அது 12 வோல்ட் பேட்டரி. அதற்கு '200 ஆம்பியர் பேட்டரி' என்று ஒரு நிரந்தரக் குணம் கிடையாது. எவ்வளவு ஆம்பியர் ஓடும் என்பது இரண்டு முனைகளுக்கு நடுவே எதை இணைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. இணைக்கும் பொருள் ஓட்டத்துக்கு எவ்வளவு தடை காட்டுகிறதோ அதுவே முடிவுசெய்கிறது. அந்த மின்தடையின் அலகு ஓம். ஒரு வோல்ட்டுக்கு ஓர் ஆம்பியர் ஓடவிடும் பொருளின் தடை ஓர் ஓம். வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 1827இல் கேயார்க் சைமன் ஓம் என்ற ஜெர்மானிய ஆசிரியர் இதைப் புத்தகமாக எழுதியபோது நாட்டில் பலர் ஏற்கவில்லை. பதினான்கு ஆண்டுகள் கழித்து லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் கொடுத்தது.

முதலில் மெக்கானிக்கின் கைகள். காய்ந்த, காப்புக் காய்த்த தோலின் தடை மிக அதிகம். ஒரு கையிலிருந்து மறு கைக்கு ஒரு லட்சம் ஓம் என்று வைத்துக்கொள்வோம். 12ஐ ஒரு லட்சத்தால் வகுத்தால் 0.00012 ஆம்பியர். ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிஆம்பியர். அந்த அளவில் சொன்னால் இது 0.12 மில்லிஆம்பியர். ஏறத்தாழ ஒரு மில்லிஆம்பியராவது ஓடினால்தான் நமக்கு உறைக்கவே உறைக்கும். ஆக, அவர் உடம்பிலும் மின்சாரம் ஓடத்தான் செய்கிறது. உணரும் அளவுக்கு இல்லை, அவ்வளவே.

அடுத்து ஹெட்லைட். 55 வாட் பல்ப் எரியும்போது அதன் தடை இரண்டரை ஓமுக்குச் சற்று மேல். ஓடுவது நாலரை ஆம்பியர். நின்ற வண்டியில் இரவு முழுக்க இதை எரியவிட்டால் காலையில் வண்டி கிளம்பாது.

மூன்றாவது ஸ்டார்ட்டர் மோட்டார். கனமான செம்புச் சுற்றுகளும் விரல் தடிமன் கேபிளும் கொண்ட இதன் தடை ஓமில் நூற்றில் சில பங்குதான். 150, 200 ஆம்பியர் ஓடுகிறது. இங்கே இன்னொன்று நடப்பதையும் பாருங்கள். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினால் அந்த இரண்டு நொடி விளக்கு மங்கும். பேட்டரிக்கு உள்ளேயும் ஒரு சிறிய தடை இருக்கிறது, ஏறத்தாழ 0.01 ஓம். 200 ஆம்பியர் அதன் வழியே வரும்போது இரண்டு வோல்ட் உள்ளேயே செலவாகிவிடுகிறது. முனைகளுக்கு நடுவே எஞ்சுவது பத்து வோல்ட்டை ஒட்டித்தான். பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டதும் நம் வீட்டு விளக்கு மங்குவதும் இதே கணக்கு. அங்கே உள்தடையின் இடத்தில் தெருவில் வரும் நீண்ட கம்பி இருக்கிறது.

நான்காவது, யாரும் செய்யக் கூடாதது. ஸ்பேனர் கை தவறி இரண்டு முனைகளின் மீதும் குறுக்கே விழுந்தால், இரும்பின் தடை கிட்டத்தட்ட இல்லை. பேட்டரியின் உள்தடை மட்டுமே ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும். 12ஐ 0.01ஆல் வகுத்தால் 1,200 ஆம்பியர். ஸ்பேனர் சிவக்கக் காய்ந்து முனையோடு ஒட்டிக்கொள்ளலாம். பேட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் வாயு அந்தப் பொறியில் வெடிக்கவும் கூடும். விவரமான மெக்கானிக் பேட்டரியில் கைவைக்கும் முன் மோதிரத்தையும் வாட்ச்சையும் கழற்றி வைப்பது இதற்காகத்தான். அவர் பயப்படுவது ஷாக்குக்கு அல்ல, தீக்காயத்துக்கு.

கையில் 0.00012 ஆம்பியர், ஸ்பேனரில் 1,200 ஆம்பியர். ஒரு கோடி மடங்கு வித்தியாசம். பேட்டரி அதே 12 வோல்ட்தான்.

செல்போன் சார்ஜர் பற்றிப் பலர் கேட்கும் கேள்வியும் இதில் தீர்ந்துவிடுகிறது. பழைய சார்ஜரில் '5 வோல்ட், 1 ஆம்பியர்' என்றும் புதியதில் '5 வோல்ட், 3 ஆம்பியர்' என்றும் எழுதியிருந்தால், புதியது போனுக்குள் மூன்று ஆம்பியரைத் திணித்துவிடாது. வோல்ட்டைச் சார்ஜர் தருகிறது. அந்த வோல்ட்டில் எவ்வளவு ஆம்பியர் வாங்குவது என்பதைப் போனுக்குள் இருக்கும் சுற்று தீர்மானிக்கிறது. மூன்று ஆம்பியர் என்பது சார்ஜரால் அதிகபட்சம் தரமுடிந்த அளவு. சுவர் பிளக்கில் உள்ள 6 ஆம்பியரும் அப்படித்தான். அது தாங்கும் எல்லை.

எல்லாப் பொருளும் ஓமின் கணக்குக்கு அப்படியே அடங்கிவிடுவதில்லை. பம்ப்செட் மோட்டார் ஒரு நல்ல விதிவிலக்கு. லோ வோல்டேஜில் பல்ப் குறைவாக இழுத்து மங்கிக்கொள்ளும். மோட்டாரோ கிணற்றுத் தண்ணீரை அதே உயரத்துக்கு ஏற்றியாக வேண்டும். வோல்ட் குறைந்தால் ஈடுகட்ட ஆம்பியரைக் கூட்டி இழுக்கும். காயில் சூடேறிப் புகையும். குறைந்த வோல்டேஜில் மோட்டார் போடாதே என்று விவசாயிகள் சொல்வதற்குப் பின்னால் ரீவைண்டிங்குக்குக் கொடுத்த பணமும், தண்ணீர் இல்லாமல் காய்ந்த பயிரும் இருக்கின்றன.

230 வோல்ட் உடம்பில் செய்வது

மெக்கானிக்கின் கைத்தடையை ஒரு லட்சம் ஓம் என்று எடுத்துக்கொண்டு 230 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் 2.3 மில்லிஆம்பியர் வரும். அவ்வளவுதானே என்று நினைத்துவிடக் கூடாது. நம்மைக் காக்கும் தடை முழுவதும் தோலில்தான் இருக்கிறது, அந்தத் தோல் அதிக வோல்ட்டைத் தாங்குவதில்லை. அழுத்தம் ஏற ஏற அதன் தடை சரிகிறது. உள்ளே இருக்கும் ரத்தமும் தசையும் உப்புநீர் போல எளிதில் கடத்துபவை. 230 வோல்ட்டில் நல்ல பிடிமானத்தோடு தொட்டால் உடம்பின் மொத்தத் தடை 1,500 ஓம் அளவுக்கு இறங்கிவிடலாம். ஓடுவது 150 மில்லிஆம்பியர். வோல்ட் 19 மடங்குதான் கூடியது. ஆம்பியரோ ஆயிரம் மடங்குக்கும் மேல் கூடிவிட்டது. கை ஈரமாக இருந்தால், வெறுங்காலோடு ஈரத்தரையில் நின்றால் நிலைமை இன்னும் மோசம்.

சுமார் 10 மில்லிஆம்பியரைத் தாண்டினால் கைத்தசைகள் இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். 30ஐ நெருங்கினால் மூச்சு திணறும். 50, 100 என்று போய் அது ஒரு நொடி நீடித்தாலே இதயம் சீராகத் துடிப்பதை விட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கிவிடலாம். பெரும்பாலான மின்விபத்து மரணங்கள் இப்படித்தான் நேர்கின்றன. நைலான் சட்டையின் பொறியில் ஆயிரக்கணக்கான வோல்ட் இருந்தும் நாம் பிழைப்பது, அங்கே சேர்ந்திருக்கும் மின்னூட்டம் மிகச் சொற்பம் என்பதால். நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் தீர்ந்துவிடும். வோல்ட் கதவைத் திறக்கிறது, ஆம்பியர் உள்ளே வருகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது என்பது உயிரை முடிவுசெய்கிறது.

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டில் எம்.சி.பி. போட்டிருக்கிறோம், ஷாக் அடித்தால் அது விழுந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். 16 ஆம்பியர் எம்.சி.பி. விழ 16 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். ஆளைக் கொல்ல அதில் நூறில் ஒரு பங்கு போதும். எம்.சி.பி.யும் ஃபியூஸும் சுவருக்குள் இருக்கும் கம்பி எரியாமல் காக்கின்றன, நம்மை அல்ல. நம்மைக் காப்பது ஆர்.சி.சி.பி. பழக்கத்தில் இன்னும் ஈ.எல்.சி.பி. என்றே பலர் கேட்டு வாங்குவார்கள். ஃபேஸ் கம்பியில் போன ஆம்பியர் நியூட்ரலில் அப்படியே திரும்பி வருகிறதா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். போனதில் 30 மில்லிஆம்பியர் திரும்பி வரவில்லை என்றால் அது யாரோ ஒருவரின் உடம்பு வழியே தரைக்குப் போய்க்கொண்டிருக்கலாம். நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். அதன் முகப்பில் ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கிறது. மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

கடலடியில் செத்த கம்பி

இந்த அலகுகள் அறிவியல் ஆர்வத்தால் மட்டும் பிறக்கவில்லை. ஒரு பெரிய தோல்வி அவற்றைக் கேட்டு வாங்கியது.

1858 ஆகஸ்டில் அயர்லாந்தையும் நியூஃபவுண்ட்லாந்தையும் அட்லாண்டிக் கடலடியில் ஒரு தந்திக் கம்பி இணைத்தது. விக்டோரியா மகாராணி அமெரிக்கக் குடியரசுத் தலைவர் புக்கானனுக்கு அனுப்பிய 98 சொல் வாழ்த்து போய்ச்சேர ஏறத்தாழ 16 மணி நேரம் ஆனது. அவ்வளவு தூரம் கடந்து வரும் சைகை மிக மெலிந்திருந்தது. கம்பியின் மின்பொறுப்பில் இருந்தவர் வைல்ட்மேன் வைட்ஹவுஸ், படிப்பால் அறுவை மருத்துவர். சைகை மெலிந்தால் அழுத்தத்தைக் கூட்டு என்பது அவர் வழி. பெரிய தூண்டுசுருள்களை வைத்து ஏறத்தாழ 2,000 வோல்ட் அளவுக்குக் கம்பியில் ஏற்றினார். இன்னொரு பக்கம் கிளாஸ்கோ பேராசிரியர் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவர், சிறிய அழுத்தத்தையே வைத்துக்கொண்டு அந்த முனையில் மிக நுண்ணிய கண்ணாடிக் கருவியால் சைகையைப் படிக்கலாம் என்றார். செப்டம்பரில் கம்பி செத்தது. ஏற்கெனவே பழுதுபட்டிருந்த அதன் உறை அந்த அழுத்தத்தைத் தாங்கவில்லை.

விசாரணை நடந்தது. எவ்வளவு அழுத்தம் கொடுக்கப்பட்டது, உறையின் தடை எவ்வளவு, ஒரு நிலையத்தார் அளந்ததும் மறு நிலையத்தார் அளந்ததும் ஒன்றா என்பதைச் சொல்லப் பொதுவான அலகே இல்லை. ஒவ்வொருவரும் தம்மிடம் இருந்த மின்கலங்களின் எண்ணிக்கையிலும் கம்பியின் மைல் கணக்கிலும் பேசினார்கள். 1861இல் பிரிட்டிஷ் அறிவியல் சங்கம், தாம்சனின் தூண்டுதலால், மின் அலகுகளை வகுக்க ஒரு குழு அமைத்தது. வோல்ட்டின் அளவை அவர்கள் நடைமுறைக்கு ஏற்பத் தேர்ந்தார்கள். அந்தக் காலத் தந்தி அலுவலகங்களில் இருந்த டேனியல் மின்கலம் ஒன்றின் அழுத்தத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு வோல்ட் என்று வரும்படி வைத்தார்கள். 1881இல் பாரிஸில் கூடிய அனைத்துலக மின் மாநாடு வோல்ட், ஆம்பியர், ஓம், கூலும் என்ற பெயர்களை உலகப் பொதுவாக்கியது.

வோல்ட்டுக்குப் பெயர் தந்தவர் இத்தாலியின் அலெசாண்ட்ரோ வோல்ட்டா. வெள்ளி, துத்தநாக வில்லைகளை உப்புநீரில் நனைத்த அட்டைத்துண்டுகளோடு மாற்றி மாற்றி அடுக்கி, 1800இல் உலகின் முதல் மின்கல அடுக்கைச் செய்தார். ஓயாமல் மின்சாரம் தரும் பொருள் மனிதருக்குக் கிடைத்தது அன்றுதான். ஆனால் எனக்கு இந்தக் கதையில் மிக நெருக்கமானவர் ஆந்த்ரே மரி ஆம்பியர். பிரெஞ்சுப் புரட்சியில் தந்தையைக் கில்லட்டினுக்குப் பறிகொடுத்த அவருக்கு அப்போது வயது பதினெட்டு. 1820இல், அவருடைய 45ஆவது வயதில், டென்மார்க்கின் ஆர்ஸ்டெட் கண்ட புதுமை பாரிஸுக்கு வந்து சேர்ந்தது. கம்பியில் மின்சாரம் ஓடினால் பக்கத்தில் உள்ள திசைகாட்டி முள் அசைகிறது. ஆம்பியர் அந்தச் செப்டம்பர் மாதத்திலேயே பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் தம் சோதனைகளை வைக்கத் தொடங்கிவிட்டார். ஒரே திசையில் மின்சாரம் ஓடும் இரண்டு இணைக்கம்பிகள் ஒன்றையொன்று இழுக்கும், எதிர்த்திசை என்றால் தள்ளும் என்று காட்டினார். மின் அழுத்தமும் மின் ஓட்டமும் இரண்டு வேறு சங்கதிகள் என்று தெளிவாகப் பிரித்து எழுதியவரும் அவரே. இந்த அத்தியாயம் முழுவதும் அந்தப் பிரிவினையின் மேல்தான் நிற்கிறது.

அளவுகோலை எதனால் அளப்பது?

எலக்ட்ரீஷியனின் பையில் இருக்கும் டாங் டெஸ்டரைப் பார்த்திருப்பீர்கள். இடுக்கி போல வாய் திறந்து ஒரு கம்பியைக் கவ்விக்கொள்ளும். கம்பியை அறுக்காமல், தோலை உரிக்காமல் ஆம்பியரைக் காட்டிவிடும். கம்பியைச் சுற்றிலும் உண்டாகும் காந்தப்புலத்தை அது அளக்கிறது. ஆர்ஸ்டெட்டின் திசைகாட்டி முள் இன்று அந்த இடுக்கிக்குள் இருக்கிறது. வோல்ட்டை அளக்க இடுக்கி உதவாது. மல்ட்டிமீட்டரின் இரண்டு ஊசிகளையும் இரண்டு இடங்களில் வைத்தாக வேண்டும்.

சரி, கருவி காட்டும் ஓர் ஆம்பியர் உண்மையிலேயே ஓர் ஆம்பியர்தான் என்பதற்கு யார் பொறுப்பு? நூறாண்டுக்கு மேலாக விஞ்ஞானிகள் இதற்குப் பதிலை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள். 1893இல் சிக்காகோ மாநாடு வெள்ளியைப் பிடித்தது. வெள்ளி உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தினால் தகட்டில் வெள்ளி படியும். நொடிக்கு 1.118 மில்லிகிராம் வெள்ளியைப் படியவைப்பது ஓர் ஆம்பியர். தராசு நல்லதாக இருந்தால் எந்த நாட்டிலும் செய்து பார்க்கலாம். 1948 முதல் ஆம்பியரின் சொந்தக் கண்டுபிடிப்பே வரையறை ஆனது. ஒரு மீட்டர் இடைவெளியில் முடிவில்லாமல் நீளும் இரண்டு மெல்லிய கம்பிகளில் தலா ஓர் ஆம்பியர் ஓடினால், மீட்டருக்கு இவ்வளவு விசை. அந்த விசை 0.02 மில்லிகிராம் எடைக்குத்தான் சமம். முடிவில்லாத கம்பி எங்கும் இல்லாததால் சுருள்களையும் தராசையும் வைத்து அதை நெருங்கிப் பார்த்தார்கள்.

2019 மே 20 முதல் அதுவும் போயிற்று. ஓர் எலக்ட்ரானின் மின்னூட்டம் இவ்வளவு என்று ஒரு மாறாத எண்ணாக நிலைநிறுத்திவிட்டு, ஆம்பியரை அதிலிருந்து பெறுகிறார்கள். அதாவது எண்ணிக்கை. நாம் தொடக்கத்தில் கம்பியில் ஓர் இடத்தைக் குறித்து எண்ணினோமே, அதுவே இன்று சட்டப்படியான வரையறை.

வோல்ட்டுக்கு வழி திறந்தவர் பிரையன் ஜோசப்சன். 1962இல் கேம்பிரிட்ஜில் 22 வயது ஆராய்ச்சி மாணவர். மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் மீக்கடத்திகள் இரண்டின் நடுவே மிக மெல்லிய தடுப்பை வைத்து நுண்ணலையைச் செலுத்தினால், தோன்றும் அழுத்தம் அலையின் அதிர்வெண்ணோடு மாறாத விகிதத்தில் கட்டுப்பட்டிருக்கும் என்று கணக்கிட்டுச் சொன்னார். சோதனைகள் அதை உறுதிசெய்தன. 1973இல் நோபல் பரிசு வந்தது. அதிர்வெண்ணை அணுக்கடிகாரத்தால் நம்பமுடியாத நுட்பத்தோடு அளக்க முடிகிறது. ஆகவே வோல்ட்டும் அந்த நுட்பத்தைப் பெற்றுவிட்டது. நம் நாட்டின் அளவைகளுக்குப் புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் பொறுப்பு. அங்கிருந்து படிப்படியாகத் தரம் பார்த்து இறங்கி வந்த கருவிகளால்தான் நம் வீட்டு மீட்டரும் சோதிக்கப்படுகிறது.

ரயிலுக்கு ஏன் 25,000 வோல்ட்?

இருபத்துச் சொச்சம் பெட்டிகளை இழுத்துக்கொண்டு சென்னையிலிருந்து கிளம்பும் 6,000 குதிரைத்திறன் மின்சார என்ஜின், முழு வேலையில் மேல்கம்பியிலிருந்து எவ்வளவு ஆம்பியர் இழுக்கும்? சுமார் 200. ஒரு கார் ஸ்டார்ட்டர் இழுக்கும் அளவுதான். அந்தக் கம்பியில் 25,000 வோல்ட் இருப்பதால் இது முடிகிறது.

சென்னை கடற்கரை-தாம்பரம் பாதையில் 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது அங்கே இருந்தது 1,500 வோல்ட் நேர்மின்சாரம். இன்றைய பெரிய என்ஜினை அந்த அழுத்தத்தில் ஓட்ட வேண்டுமானால் 3,000 ஆம்பியர் வேண்டும். கம்பி காய்வது ஆம்பியருக்கு நேர் விகிதத்தில் அல்ல, அதன் வர்க்கத்துக்கு ஏற்ப. ஆம்பியர் இரண்டு மடங்கானால் வெப்ப இழப்பு நான்கு மடங்கு. வோல்ட்டை 1,500இலிருந்து 25,000 ஆக்கும்போது, அதே வேலைக்கு அதே கம்பியில் இழப்பு ஏறத்தாழ 280இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. அந்தப் பாதையும் பின்னாளில் 25,000 வோல்ட்டுக்கு மாறியது.

இந்தச் சேமிப்புக்கு ஒரு விலை உண்டு. இவ்வளவு அழுத்தத்தில் மின்சாரம் காற்றையே தாண்டிப் பாயும். ரயில் பெட்டியின் கூரை மேல் ஏறியவர்கள் கம்பியைத் தொடாமலே, நெருங்கியதாலேயே கருகிச் செத்திருக்கிறார்கள். எத்தனை எச்சரிக்கைப் பலகை வைத்தும் இது நிற்கவில்லை என்பது வேதனை.

தூரம் கூடக் கூட வோல்ட்டையும் கூட்டுகிறார்கள். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூருக்கு அருகே புகளூருக்கு சுமார் 1,800 கிலோமீட்டர் வரும் நேர்மின் பாதையில், ஒரு பக்கம் தரையைவிட எட்டு லட்சம் வோல்ட் கூடுதலாகவும் மறுபக்கம் எட்டு லட்சம் வோல்ட் குறைவாகவும் இருக்கும். இரண்டு பக்கத்துக்கும் நடுவே 16 லட்சம். அதனால் 6,000 மெகாவாட்டைக் கொண்டுவர 3,750 ஆம்பியர் போதுமானதாகிறது.

அடுத்த முறை நெடுஞ்சாலையில் போகும்போது வயல்களைத் தாண்டி நிற்கும் மின்கோபுரங்களை நிமிர்ந்து பாருங்கள். கம்பியைக் கோபுரத்தோடு சேர்க்கும் இடத்தில் பீங்கான் அல்லது கண்ணாடித் தட்டுகள் சரம் சரமாகத் தொங்கும். 1,10,000 வோல்ட் கோபுரத்தில் ஒரு சரத்துக்குப் பத்துத் தட்டுகளுக்குள் இருக்கும். நான்கு லட்சம் வோல்ட் என்றால் இருபதைத் தாண்டும். கம்பிக்கும் இரும்புக் கோபுரத்துக்கும் நடுவே உள்ள அழுத்த வேறுபாட்டைத் தாங்க அவ்வளவு நீளம் தேவைப்படுகிறது. அந்தக் கம்பியில் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்பதைத் தட்டுகளை எண்ணிச் சொல்ல முடியாது. ஊரில் எத்தனை விளக்கு, எத்தனை மோட்டார் போட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது நொடிக்கு நொடி மாறிக்கொண்டிருக்கும்.